வேன் நிழலில், டிஷ் வெயிலில்

வேனில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் முதலில் வருகிற கேள்வி கழிவறையைப் பற்றி. அடுத்தது டிவியைப் பற்றி. முதல் கேள்விக்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு டிவி.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாங்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பாயான் லெப்பாசில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் லைன் வேலைக்குச் சேர்ந்து, டெஸ்டிங் பிரிவில் ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். பட்டர்வொர்த் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, பழைய ஹையேஸ் வேன் ஒன்றில் கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்துக் குடி வந்துவிட்டோம். பாதி நாள் பினாங்குத் தீவில் பாலிக் பூலாவில் தெரிந்தவர் தோட்டத்து ஓரத்தில் கிடப்போம். செந்தூலில் மகள் வீடு இருப்பதால் அவ்வப்போது கோலாலம்பூர். மற்றபடி கால் போன போக்கு.

“போன்லயே பாக்கலாமே, எதுக்கு டிஷ்?” என்று என் மகன் இன்னும் கேட்கிறான். அவன் இருக்கிற இடத்தில் வைஃபை இருக்கிறது, கேட்கலாம். பாலிக் பூலாவ் மலைக்கு அந்தப் பக்கம். தோட்டத்துக்குள் போனால் போனில் சிக்னல் கோடு ஒன்று வரும், ஒன்று போகும். கிரிக்கிலிருந்து ஜெலி போகிற கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் தெமெங்கோர் ஏரிப் பக்கம் நிறுத்தினால் பல இடங்களில் அந்த ஒரு கோடும் கிடையாது. கோடு இருக்கிற இடத்திலும் டேட்டா கரைகிற கணக்கு தனி: தெளிவான படமாகப் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். சாட்டிலைட் அப்படியில்லை. நாள் முழுக்க ஓடினாலும் காசு அதேதான். இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் இளசுகள் சிரிப்பார்கள்: எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே உட்கார எனக்குப் பிடிக்காது. டிவி தன்பாட்டுக்கு ஓட வேண்டும், நான் என்பாட்டுக்கு வெங்காயம் நறுக்க வேண்டும். வானவில் என்கிற தமிழ் சேனலில் என்ன வருகிறதோ அது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கேம்பரில் டிவி வைப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்காக்காரரும் இங்கிலாந்துக்காரரும் சொல்கிற யோசனைகள். “தெற்குப் பக்கம் திறந்த வெளியாக இருக்கட்டும், தூரத்து மரங்கள் மறைக்காமல் பாருங்கள்” என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. இங்கிலாந்தில் சாட்டிலைட் தொடுவானத்திலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில்தான் தெரியும். இருபது மீட்டர் தள்ளி ஒரு மரம் நின்றாலே போச்சு. நமக்கு அந்தக் கதையே வேறு. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஐந்தாறு பாகைக்குள். ஆஸ்ட்ரோ, என்ஜோய் என்கிற நம் நாட்டு சாட்டிலைட் டிவிகள் வருகிற மியாசாட் சாட்டிலைட்டுகள் நிற்பது கிழக்கு 91.5 பாகையில், அதாவது இலங்கைக்கும் சுமத்திராவுக்கும் நடுவில் கடலுக்கு நேர் மேலே, ஏறக்குறைய 35,800 கிலோமீட்டர் உயரத்தில். பினாங்கிலிருந்து பார்த்தால் அது 78 பாகை உயரம். கோலாலம்பூரிலும் 77க்கு மேல். ஏறக்குறைய தலைக்கு மேல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே பக்கத்துக் கட்டடம், எதிர்த்த மலை, வரிசையாக நிற்கும் மரம் எதுவும் நமக்குப் பொருட்டில்லை. செந்தூலில் இரண்டு ஃபிளாட்டுகளுக்கு இடையில் வேனை நிறுத்தியும் படம் எடுத்திருக்கிறேன். நம்மைக் கெடுப்பது ஒன்றே ஒன்று, நம் தலைக்கு நேர் மேலே இருக்கிற கிளை. வேனில் குடியிருப்பவர்கள் தேடித் தேடி வேனை நிறுத்துவதும் அதே கிளைக்கு அடியில்தான். பினாங்கு வெயிலில் தகரப் பெட்டிக்குள் மதியம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனால்தான் டிஷ்ஷை வேன் கூரையில் பொருத்தவே கூடாது என்பது என் கட்சி. கூரையில் இருந்தால் நிழல் வேண்டுமா, நாடகம் வேண்டுமா என்று தினம் ஒரு பஞ்சாயத்து. கூரையில் ஓட்டை போட்டால் என்றைக்காவது ஒழுகும். நிரந்தரமாக எதையாவது பொருத்தி வண்டியின் அமைப்பை மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), புஸ்பகாம் (வாகனச் சோதனை நிலையம்) என்று அலைச்சல் வேறு. டிஷ்ஷைத் தனியாக ஒரு முக்காலியில் வையுங்கள். வேன் நிழலில் கிடக்கட்டும், டிஷ் வெயிலில் நிற்கட்டும். நடுவில் ஆர்ஜி6 என்கிற டிவி கேபிள் 15, 20 மீட்டர் ஓடட்டும். அந்த நீளத்துக்குப் படம் கெடுகிற அளவுக்கு சிக்னல் குறைந்துவிடாது. மடக்கு சோலார் பலகை வைத்திருப்பவர்களுக்கு அதுவும் அதே வெயிலில் பக்கத்திலேயே நிற்கும்.

கூரை மேல் வைக்கிற, தானே சாட்டிலைட்டைத் தேடிக்கொள்கிற மூடி போட்ட டிஷ், அதாவது தானியங்கி டோம், வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனை விலை, குதிரை விலை. விலையை விடுங்கள், அமெரிக்காவில் அந்த ஊர் டிவிக்கென்று செய்ததை வாங்கவே வாங்காதீர்கள். அங்கே சிக்னல் சுழல் முறையில் வருகிறது, நம்முடையது நேர்க்கோட்டு முறை. உள்ளே இருக்கும் எல்என்பி (டிஷ் குவிக்கிற சிக்னலை வாங்கும் தலை) ஒத்துவராது. ஐரோப்பாவுக்குச் செய்தது என்றால், வாங்கும் முன் எத்தனை பாகை உயரம் வரை அது நிமிரும் என்று விவரத் தாளில் பாருங்கள். அவர்கள் வானத்துக்குத்தான் செய்திருப்பார்கள். 65, 70 பாகையோடு நின்றுவிடுகிற டோமை வைத்து இங்கே தலைகீழாக நின்றாலும் படம் வராது.

நான் வைத்திருப்பது வீட்டுக் கூரைகளில் பார்க்கிற அதே 60 சென்டிமீட்டர் டிஷ். டிகோடருக்கு என்ஜோய். மாதக் கட்டணம் இல்லாத சாட்டிலைட் டிவி, 2012இல் வந்தது. பெட்டியை வாங்கிப் பொருத்தினால் அடிப்படை சேனல்கள் சும்மா வரும், கூடுதலாக வேண்டும் என்றால் முன்பணம் கட்டி அந்தந்த மாதத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். தீபாவளி மாதத்தில் நான் கூடுதலாகக் கட்டுவேன். கால்பந்து இருக்கிற மாதத்தில் என் வீட்டுக்காரர் கட்டுவார். யார் பணத்தில் வாங்கியது என்பதை வைத்து ரிமோட் யார் கையில் என்று முடிவாகும்.

கேபிளும் கனெக்டரும் வாங்க ஆயர் ஈத்தாமில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பையன் நான் கேட்டதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, “ஆன்ட்டி, எப்படி மாட்டணும்னு அங்கிள வரச் சொல்லுங்க, காட்டிவிடுறேன்” என்றான். “தம்பி, அங்கிள் வண்டி ஓட்டுவாரு. கம்பி வேலை ஆன்ட்டிதான்” என்றேன். பிறகு பத்து காசு கனெக்டரை நீட்டாமல் நல்லதாக எடுத்துக் கொடுத்தான்.

அந்தக் கனெக்டர் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் டிஷ் நன்றாக இருக்கும், பெட்டி நன்றாக இருக்கும், படம் வராது. பார்த்தால் கோளாறு அரை விரல் நீளக் கேபிள் நுனியில் இருக்கும். கேபிளின் வெளித் தோலை ஒன்றரை சென்டிமீட்டருக்கு வெட்டி உருவுங்கள். உள்ளே வலை மாதிரி மெல்லிய கம்பி இருக்கும். அதை ஒரு முடி விடாமல் பின்னுக்கு மடக்கித் தோலின் மேல் படிய விடுங்கள். அடுத்து வெள்ளை பிளாஸ்டிக். அதை வெட்டும்போது பிளேடு நடுச் செம்புக் கம்பியில் பட்டு கீறக் கூடாது. கீறினால் இரண்டு மாதம் ஆட்டத்தில் அங்கேயே ஒடியும். எஃப் கனெக்டரைத் திருகி ஏற்றிய பிறகு வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரின் அடித்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், செம்புக் கம்பி விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் எட்டிப் பார்க்க வேண்டும். இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே பாருங்கள். மடக்கிய வலையிலிருந்து ஒரே ஒரு முடி திரும்பி வந்து நடுக் கம்பியைத் தொட்டாலும் போதும், ஷார்ட். டிகோடர் இந்தக் கேபிள் வழியாகத்தான் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. அது போய்ச் சேராவிட்டால் எல்என்பி செத்த மாதிரி. லைனில் இருந்த காலத்தில் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்த கண், இந்த ஒரு முடியை இன்னும் விடுவதில்லை.

இனி டிஷ் திருப்பும் கதை. இங்கேயும் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது.

திசை முதலில். பினாங்கில் நிற்கும்போது திசைகாட்டியில் 239 பாகை, கோலாலம்பூரில் 253. தென்மேற்கிலிருந்து மேற்காகச் சாய்ந்த திசை. நம் நாட்டில் காந்த வடக்கும் நிஜ வடக்கும் ஏறக்குறைய ஒன்றே, கூட்டல் கழித்தல் தேவையில்லை. ஆனால் வேனை ஒட்டி நின்று போனில் திசை பார்க்காதீர்கள், இரும்பு இழுக்கும். பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள்.

சாட்டிலைட் இவ்வளவு உயரத்தில் இருப்பதால் திசையில் கொஞ்சம் தவறினாலும் பெரிதாகக் கெடாது. தரையில் நீங்கள் 5 பாகை தவறினால் வானத்தில் அது ஏறக்குறைய 1 பாகைதான். 60 சென்டிமீட்டர் டிஷ் பார்க்கிற அகலம் மொத்தம் 3 பாகை வாக்கில், ஆகவே தாங்கும். உயரக் கோணத்தில் அந்தச் சலுகை இல்லை. அங்கே 2 பாகை பிசகினால் படம் போய்விடும். முக்காலி சாய்ந்து நின்றாலும் அதே பிசகுதான். தோட்டத்து மண்ணில் ஒரு கால் புதைந்துவிடும், கம்பம் சரியும், மணிக்கணக்கில் இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே முதல் வேலை, கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்ப்பது. கால் புதைகிற இடத்தில் பலகைத் துண்டு போடுங்கள். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதி வேலை தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

டிஷ்ஷின் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த வகை டிஷ்ஷில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் டிஷ் உண்மையில் பார்க்கிற இடம், அது பார்ப்பது போலத் தெரிகிற இடத்தைவிட 25 பாகை அளவு மேலே. கண்ணுக்கு அது எதிர்த்த தென்னை உச்சியைப் பார்ப்பது போலத் தெரியும், நிஜத்தில் பார்ப்பது நம் உச்சந்தலைக்குப் பக்கத்தில். “இவ்வளவு கீழயா?” என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் டிஷ்ஷை இன்னும் நிமிர்த்தப் பார்ப்பார். பின்பக்கம் போல்ட் பக்கத்தில் இருக்கும் அளவுகோலை நம்புங்கள், முகத்தை நம்ப வேண்டாம்.

டிகோடரின் சிக்னல் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று பலம், இன்னொன்று தரம். பலம் என்கிற கோடு எல்என்பிக்கு மின்சாரம் போனாலே ஏறி நிற்கும், அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். தரம் ஏறினால்தான் சரியான சாட்டிலைட் கிடைத்தது என்று அர்த்தம். பெட்டி பதில் சொல்ல இரண்டு மூன்று விநாடி எடுக்கும். ஆகவே கொஞ்சம் நகர்த்துங்கள், நில்லுங்கள், பிறகு நகர்த்துங்கள். நான் வெளியே டிஷ்ஷோடு, அவர் உள்ளே டிவியோடு, போனில் லவுட்ஸ்பீக்கர். “ஏறுது... ஏறுது... இறங்கிடுச்சு, திரும்ப வா.” லோரியை ரிவர்ஸ் எடுக்கும்போது நான் பின்னால் நின்று கத்தியதற்கெல்லாம் வட்டி சேர்த்து வாங்குகிறார் மனிதர்.

தரம் கிடைத்த பிறகு எல்என்பியை அதன் பிடிக்குள் மெல்லத் திருகிப் பாருங்கள். பினாங்கில் சரியாக வைத்தது கோலாலம்பூரில் சரியாக இருக்காது, அதையும் இடத்துக்கு இடம் திருக வேண்டும். எனக்கு இரண்டு ஊருக்கும் பிளாஸ்டிக் பிடியில் மார்க்கர் கோடு போட்டு வைத்திருக்கிறேன். “பி” ஒன்று, “கே” ஒன்று.

புதிய இடத்தில் கிளை மறைக்குமா என்று தெரிந்துகொள்ள ஆப் எல்லாம் இருக்கிறது. நான் செய்வது: டிஷ் வைக்கப் போகிற இடத்தில் நின்று தலையை அண்ணாந்து, கையை நீட்டி முட்டியை உச்சிக்கு நேராகப் பிடிப்பேன். நீட்டிய கை முட்டி வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. உச்சியிலிருந்து தென்மேற்காக ஒரு முட்டிக்குக் கொஞ்சம் அதிகமாகப் போனால் அங்கேதான் சாட்டிலைட். அந்த இடத்தில் இலை தெரிந்தால் முக்காலியைத் தூக்கு. மார்ச் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் இதைவிடச் சுலபம்: பிற்பகல் 2 மணி வாக்கில் சூரியனே போய் அந்த இடத்தில் நிற்கும். அப்போது தரையில் எங்கே வெயில் விழுகிறதோ அங்கே டிஷ் வைக்கலாம். அந்த நாள்களில் அதே நேரத்துக்குச் சில நிமிடம் படம் கோடு கோடாகி நின்றுபோகும், சூரியனின் இரைச்சல் சிக்னலை முழுங்கிவிடுகிறது. எதையும் திருகாதீர்கள், தானாக வரும்.

பாலிக் பூலாவில் நிழலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜூன், ஜூலையில் டுரியான் மரத்தடியில் வேனையும் நிறுத்தக் கூடாது, டிஷ்ஷையும் வைக்கக் கூடாது, தலையையும் வைக்கக் கூடாது. நாங்கள் ரம்புத்தான் பக்கம் ஒதுங்கிவிடுவோம்.

மழை. அடை மழை பிடித்தால் படம் போகும், அதில் மாற்றமில்லை. இந்த அலைவரிசைக்கு மழைத்துளிதான் எதிரி. சாட்டிலைட் தலைக்கு மேல் இருப்பதால் மழைக்குள் சிக்னல் கடக்கிற தூரம் நமக்குக் குறைவு. ஆனால் கோலாலம்பூரில் நான்கு மணிக்குக் கொட்டுகிற மழை அந்த லாபத்தை எல்லாம் தின்றுவிடும். 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்கு, நடுத்தர மழையைத் தாங்கும். ஆனால் அதை வேனுக்குள் எங்கே வைப்பது, காற்றில் யார் பிடித்துக்கொண்டு நிற்பது? அரை மணி நேரம் டிவி இல்லாவிட்டால் குடி முழுகாது, ரேடியோவில் மின்னல் எஃப்எம் இருக்கிறது. இடி இடித்தால் நான் டிகோடரிலிருந்து கேபிளையே கழற்றிவிடுவேன். கோலாலம்பூர் வட்டாரம் உலகத்திலேயே இடி மின்னல் அதிகமான இடங்களில் ஒன்று, அதோடு விளையாட்டு வேண்டாம். விடியற்காலையில் வருகிற சுமத்திரா காற்றுக்கு முக்காலியின் ஒவ்வொரு காலிலும் 5 லிட்டர் தண்ணீர் போத்தல் கட்டி வைத்திருக்கிறேன். தெலுக் பஹாங் பக்கம் நிறுத்தினால் காற்றைவிடக் குரங்கு மோசம், கேபிளைப் பிடித்து இழுக்கும். அங்கே கேபிளைத் தரையோடு தரையாக ஓட்டி மேலே பழைய கால்மிதியைப் போட்டுவிடுவேன்.

மின்சாரத்துக்குப் பெரிய கணக்கு இல்லை. 24 அங்குல எல்இடி டிவி 30 வாட் வாக்கில், டிகோடர் 10, 15 வாட். சாயந்திரம் நான்கு மணி நேரம் ஓடினால் 180 வாட் மணி. எங்கள் 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் 1,280 வாட் மணி இருக்கிறது. விசிறிதான் அதைவிட அதிகம் தின்கிறது. டிகோடர் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் இன்வெர்ட்டர் இல்லாமலே ஓட்டலாம். ஆனால் பேட்டரியில் நேராகக் கொடுக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் 12 வோல்ட்டை நிலையாகப் பிடித்துக் கொடுக்கிற சின்ன கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள், ஃபியூசோடு.

மகன் இப்போது ஸ்டார்லிங்க் என்கிற சாட்டிலைட் இன்டர்நெட் வைக்கச் சொல்கிறான். 2023 ஜூலையிலிருந்து இங்கே இருக்கிறது, டிவியும் பார்க்கலாம், வீடியோ காலும் பேசலாம் என்கிறான். பேசலாம்தான். அந்தத் தட்டு ஒன்றே 50 முதல் 75 வாட் இழுக்கும், நாள் முழுக்கப் போட்டு வைத்தால் பேட்டரியைக் காலி செய்துவிடும். அதோடு அதன் சாட்டிலைட்டுகள் வானம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பதால் அதற்குப் பரந்த வெட்டவெளி வேண்டும், மரங்களுக்கு நடுவில் கிடைக்கிற ஒரு ஓட்டை பற்றாது. மாதச் சந்தாவை அவன் கட்டுவதாக இருந்தால் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.